கில்பாட்ரிக் குழுவின் எட்டு வாரங்கள்

அத்தியாயம் 9

1963 ஆகஸ்டில் மாஸ்கோவில் பகுதிச் சோதனைத் தடை ஒப்பந்தம் கையெழுத்தானதைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். வானிலும் விண்வெளியிலும் நீருக்கடியிலும் இனி அணுகுண்டு வெடிக்க மாட்டோம் என்று அமெரிக்கா, சோவியத் யூனியன், பிரிட்டன் மூன்றும் ஒப்புக்கொண்டன. அதற்கு முந்தைய ஆண்டுதான், 83 வயதில் வாஷிங்டன் சென்ற ராஜாஜி, சோதனைகளை நிறுத்துங்கள் என்று வெள்ளை மாளிகையில் ஜான் கென்னடியிடம் நேரில் கேட்டுவிட்டு வந்திருந்தார். அப்படிக் கேட்ட குரல்கள் உலகெங்கும் இருந்தன. ஒப்பந்தம் அவற்றுக்குப் பாதி நிறைவைத் தந்தது. நிலத்தடிச் சோதனைகள் தொடர்ந்தன. பிரான்சும் சீனாவும் கையெழுத்திட மறுத்தன.

மறுத்த சீனா பதினான்கு மாதம் கழித்துத் தன் முடிவை உலகுக்குக் காட்டியது. 1964 அக்டோபர் 16 அன்று பிற்பகல் 3 மணிக்கு, சின்ஜியாங் பாலைநிலத்தில் உள்ள லோப் நோர் என்னும் இடத்தில், உயரமான கோபுரம் ஒன்றின் மேல் சீனாவின் முதல் அணுகுண்டு வெடித்தது. அதன் ஆற்றல் சுமார் 22 கிலோ டன். குண்டுக்கு அவர்கள் இட்ட ரகசியப் பெயர் ‘596’. 1959-ஆம் ஆண்டு ஆறாம் மாதம் என்பது அதன் பொருள். மாதிரிக் குண்டு ஒன்றைத் தருவதாகச் சொல்லியிருந்த மாஸ்கோ, அதைத் தர முடியாது என்று கைவிரித்த மாதம் அது. கைவிடப்பட்ட நாளையே பெயராக வைத்துக்கொண்டு, ஐந்தே ஆண்டுகளில் சீன விஞ்ஞானிகள் வேலையை முடித்தார்கள்.

உலக அரசியலில் அது நெருக்கடியான வாரம். அக்டோபர் 14 அன்று மாஸ்கோவில் குருஷ்சேவ் பதவியிலிருந்து இறக்கப்பட்டார். 15-ஆம் தேதி பிரிட்டன் தேர்தலில் ஹரால்டு வில்சனின் தொழிற்கட்சி வென்றது. மறுநாள் லோப் நோர். அடுத்த மூன்றாவது வாரத்தில் அமெரிக்காவில் அதிபர் தேர்தல் வரவிருந்தது. கென்னடி கொல்லப்பட்டபின் பதவியேற்ற லிண்டன் ஜான்சன் அதில் போட்டியிட்டார்.

தெரிந்தும் விட்டது

சீனாவின் குண்டு வாஷிங்டனுக்குத் திடீர்ச் செய்தி அல்ல. உளவுச் செயற்கைக்கோள்கள் லோப் நோர் கோபுரத்தைப் படம் பிடித்திருந்தன. செப்டம்பர் 29 அன்றே, சீனா விரைவில் ஒரு சோதனை நடத்தக்கூடும் என்று வெளியுறவு அமைச்சர் டீன் ரஸ்க் அறிவித்துவிட்டார். அதிர்ச்சி வேறு விதத்தில் வந்தது. வெடிப்பின் தூசியை வானிலிருந்து சேகரித்து ஆராய்ந்தபோது, குண்டில் இருந்தது புளூட்டோனியம் அல்ல, செறிவூட்டப்பட்ட யுரேனியம் என்று தெரிந்தது. யுரேனியத்தைச் செறிவூட்டும் அளவுக்குச் சீனா போயிருக்கும் என்று அமெரிக்க உளவுத்துறை எண்ணவில்லை.

தடுத்திருக்க முடியாதா? அந்த யோசனையும் நடந்தது. சோதனைத் தடைப் பேச்சுக்காக 1963 ஜூலையில் அவரெல் ஹாரிமன் மாஸ்கோ போனபோது, சீனாவின் அணு முயற்சியை முடக்கச் சோவியத் யூனியன் கைகொடுக்குமா என்று குருஷ்சேவிடம் நாடி பிடித்துப் பார்க்கச் சொல்லியிருந்தார் கென்னடி. குருஷ்சேவ் அந்தப் பேச்சுக்கே இடம் தரவில்லை. 1964 செப்டம்பர் 15 அன்று ரஸ்க், பாதுகாப்பு அமைச்சர் மெக்நமாரா, பாதுகாப்பு ஆலோசகர் மெக்ஜார்ஜ் பண்டி, உளவுத்துறைத் தலைவர் மெக்கோன் ஆகியோர் கூடி மறுபடியும் அதைப் பேசினார்கள். தூண்டுதல் ஏதும் இல்லாமல் தன்னிச்சையாகச் சீன அணுநிலையங்களைத் தாக்குவதைவிட, சீனா சோதனை நடத்துவதே மேல் என்று முடிவாயிற்று. ஜான்சன் ஒப்புதல் தந்தார்.

அந்த முடிவு சரியானது என்றே நான் கருதுகிறேன். குண்டு வைத்திருக்கும் நாடு குண்டு செய்யும் நாட்டை விருப்பம்போலத் தாக்கலாம் என்பது அன்று வழக்கமாகியிருந்தால், அடுத்த அரை நூற்றாண்டு எப்படிக் கழிந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே மனம் நடுங்குகிறது.

ஆனால் தாக்குவதில்லை என்ற முடிவோடு கேள்வி தீரவில்லை. 1963 மார்ச் 21 அன்று செய்தியாளர்களிடம் கென்னடி தன் மனத்தை அலைக்கழித்த அச்சத்தைச் சொல்லியிருந்தார். முயற்சிகள் வெற்றி பெறாவிட்டால் 1970-க்குள் அணு ஆயுத நாடுகள் நான்கிலிருந்து பத்தாகலாம், 1975-க்குள் 15 அல்லது 20 ஆகலாம் என்றார். சீனா ஐந்தாவது. ஆறாவது யார்?

நண்பனிடம் இருந்தால் நல்லதா?

சீனக் குண்டு வெடித்த எட்டாம் நாள், அக்டோபர் 24 அன்று, அகில இந்திய வானொலியில் இந்தியாவின் அணு விஞ்ஞானி ஹோமி பாபா பேசினார். 10 கிலோ டன் குண்டு ஒன்றுக்குப் பதினேழரை லட்சம் ரூபாய் ஆகும் என்று அவர் கணக்குச் சொன்னார். அமைதிப் பயன்பாட்டுக்கான வெடிப்புகள் பற்றி அமெரிக்கர்களே வெளியிட்டிருந்த விலைக் கணக்கு அது. உண்மைச் செலவு அதைவிடப் பல மடங்கு என்று பின்னர் பலர் எடுத்துக்காட்டினார்கள். ஆனாலும் சீனப் போரின் காயம் ஆறாத நாட்டில் அந்தத் தொகை பலரைப் பேச வைத்தது. பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி குண்டு வேண்டாம் என்ற நிலையில் உறுதியாக நின்றார். நவம்பரில் குண்டூரில் கூடிய காங்கிரஸ் கமிட்டியில் அதற்காக அவர் தம் கட்சிக்காரர்களோடு வாதாட வேண்டியிருந்தது.

டிசம்பர் 29 அன்று ஜப்பான் பிரதமர் எய்சாக்கு சாத்தோ, டோக்கியோவிலிருந்த அமெரிக்கத் தூதர் ரைஷௌவரிடம் தனிமையில் மனம் திறந்தார். அடுத்தவனிடம் இருந்தால் நம்மிடமும் இருப்பதுதானே இயல்பு என்பது அவர் பேச்சின் சாரம். ஹிரோஷிமா, நாகசாகி மண்ணின் பிரதமர் அப்படிச் சொன்னார். ஐரோப்பாவில் மேற்கு ஜெர்மனி, இத்தாலி, சுவீடன் ஆகியவற்றின் விஞ்ஞானத் திறமைக்கு அணுகுண்டு எட்டாக்கனி அல்ல. பாலைவனத்தில் டிமோனா என்னும் இடத்தில் இஸ்ரேல் எழுப்பிய உலை பற்றிக் கென்னடி காலத்திலிருந்தே கவலை இருந்தது.

இந்தப் பட்டியலைப் பாருங்கள். இஸ்ரேல், ஜப்பான், மேற்கு ஜெர்மனி, இத்தாலி எல்லாம் அமெரிக்காவின் நண்பர்கள். இந்தியா அணிசேரா நாடு என்றாலும் சீனாவுக்கு எதிராக வாஷிங்டன் ஆதரித்த நாடு. பகைவர் யாரும் வரிசையில் இல்லை. ஆகவே வாஷிங்டனில் சிலர் மனத்தில் ஒரு கேள்வி எழுந்தது: நண்பர்களிடம் குண்டு இருந்தால் நமக்கு என்ன கெடுதல்?

இந்தக் கேள்வி புதிதும் அல்ல. 1961 செப்டம்பரிலேயே வெளியுறவுத் துறையின் கொள்கைத் திட்டப் பிரிவுத் தலைவராக இருந்த ஜார்ஜ் மெக்கீ ஒரு குறிப்பு எழுதினார். கம்யூனிஸ்ட் சீனா முதலில் வெடித்தால் ஆசியாவில் அதன் மதிப்பு ஏறிவிடும், எனவே கம்யூனிஸ்ட் அல்லாத ஓர் ஆசிய நாடு முந்திக்கொள்வது நல்லது, அதற்குத் தகுந்த நாடு இந்தியா என்பது அவர் யோசனை. ரஸ்க் அதை நிராகரித்தார். நாடுகள் தனித்தனியே அணு ஆயுதம் பெறுவதை எதிர்ப்பது அமெரிக்காவின் அறிவித்த கொள்கை, அதிலிருந்து விலகத் தக்க காரணம் இல்லை என்றார்.

அதே ரஸ்க், சீனக் குண்டுக்குப் பின் 1964 நவம்பரில் நடந்த ஆலோசனையில் தடுமாறினார். ஆசியாவில் சீனாவிடம் மட்டும் குண்டு இருக்க, இந்தியாவையும் ஜப்பானையும் வெறுங்கையோடு நிற்கச் சொல்வது எப்படி நியாயம் என்ற கேள்வியை அவர் எழுப்பினார். நேர்மையான கேள்விதான் அது. பதில் சொல்ல அமெரிக்க அரசிடம் ஒருமித்த கருத்து இல்லை.

குழு அமைகிறது

நவம்பர் 25 அன்று ஜான்சன் ஓர் ஆணை பிறப்பித்தார். அணு ஆயுதப் பரவலைத் தடுப்பது பற்றி ஆராய அரசுக்கு வெளியே இருக்கும் அனுபவசாலிகளைக் கொண்ட ஒரு குழு. கென்னடி காலத்தில் பாதுகாப்புத் துறையின் துணை அமைச்சராக இருந்த ராஸ்வெல் கில்பாட்ரிக் அதன் தலைவர்.

உறுப்பினர்கள் சாதாரணமானவர்கள் அல்லர். உளவுத்துறையை எட்டாண்டுக்கு மேல் நடத்திய ஆலன் டல்லஸ் இருந்தார். முதல் அணுகுண்டுக்கான வெடிமருந்து அமைப்பில் லாஸ் அலமோஸில் பணியாற்றி, பின்னாளில் ஐசனோவரின் அறிவியல் ஆலோசகராக இருந்த ஜார்ஜ் கிஸ்டியகோவ்ஸ்கி இருந்தார். லிவர்மோர் ஆயுத ஆய்வகத்தின் முதல் இயக்குநர் ஹெர்பர்ட் யார்க் இருந்தார். நேட்டோ படைகளின் முன்னாள் தலைமைத் தளபதி ஆல்ஃபிரட் குருந்தர், போருக்குப் பிந்தைய மேற்கு ஜெர்மனியில் அமெரிக்க உயர் ஆணையராக இருந்த ஜான் மெக்லாய், சோதனைத் தடைப் பேச்சில் அமெரிக்கத் தூதராக இருந்த ஆர்தர் டீன், கார்னெல் பல்கலைக்கழகத் தலைவர் ஜேம்ஸ் பெர்கின்ஸ், ஐபிஎம் நிறுவனத்தின் ஆர்தர் வாட்சன், மின்துறையிலிருந்து வில்லியம் வெப்ஸ்டர் ஆகியோரும் சேர்ந்தார்கள். குண்டைச் செய்தவர்களும் அதை ஏவத் திட்டமிட்டவர்களும் ஒரே மேசையில் அமர்ந்து, இனி அது யாருக்கும் போகக்கூடாதா, சிலருக்குப் போகலாமா என்று விவாதித்தார்கள்.

அவர்கள் முன் பல வழிகள் இருந்தன. பரவலைத் தடுக்க முடியாது என்று ஒப்புக்கொண்டு, நண்பர்களுக்குப் போவதைக் கண்டும் காணாமல் விட்டு, அதை அமெரிக்காவின் நலனுக்கு ஏற்பத் திருப்பிக்கொள்வது ஒரு கோடி. நண்பர், பகைவர் என்று பாராமல் எல்லா வழியிலும் தடுப்பது மறுகோடி. நடுவில் அரைகுறை வழிகள்.

அதே 1964-இல் லிவர்மோர் ஆய்வகத்தில் ஒரு பரிசோதனை தொடங்கியிருந்தது. ஆயுத வேலையில் அனுபவமே இல்லாத, புதிதாக டாக்டர் பட்டம் பெற்ற இளம் இயற்பியலாளர்களிடம், பொது நூலகத்தில் கிடைப்பதை மட்டும் வைத்து ஓர் அணுகுண்டை வடிவமைக்கச் சொன்னார்கள். ரகசிய ஆவணம் எதுவும் அவர்களுக்குக் காட்டப்படவில்லை. 1967-இல் வேலை முடிந்தபோது, அவர்கள் வரைந்து கொடுத்த வடிவம் வெடிக்கக் கூடியதே என்று தெரிந்தது. அறிவுக்கு வேலி போட முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. வேலி போட முடிவது இரண்டுக்குத்தான்: யுரேனியம், புளூட்டோனியம் என்ற மூலப்பொருளுக்கு, குண்டு வேண்டும் என்ற அரசுகளின் விருப்பத்துக்கு. முதலாவதற்குக் கண்காணிப்பு போதும். இரண்டாவதற்கு நம்பிக்கை வேண்டும்.

அறிக்கை சொன்னது

1965 ஜனவரி 21 அன்று, ஜான்சன் முழுப் பதவிக்காலத்துக்குப் பொறுப்பேற்ற மறுநாள், குழு வெள்ளை மாளிகையில் தன் அறிக்கையைக் கொடுத்தது. எட்டு வார வேலை. முடிவு ஒருமனதானது. பரவலைக் கட்டுப்படுத்தும் வாய்ப்பில் உலகம் திரும்ப முடியாத கட்டத்தை நெருங்குகிறது, அதை முழுமூச்சாகத் தடுக்க வேண்டும் என்றது அறிக்கை.

நண்பர்களின் குண்டு பற்றிய கேள்விக்கு அது நேரடியாகப் பதில் சொன்னது. ஒரு நாட்டுக்குச் சலுகை கொடுத்தால் அடுத்த நாடு கேட்கும். இந்தியா செய்தால் பாகிஸ்தான் சும்மா இராது. ஜெர்மனி செய்தால் கிழக்கு ஐரோப்பா முழுதும் கொதிக்கும். சிறிய நாடுகள்கூட அமெரிக்க நகரங்களை அழிக்கும் வலிமை பெற்றால் அமெரிக்காவின் படைபலமும் செல்வாக்கும் தேயும், அமெரிக்க மக்களே உலக விவகாரங்களிலிருந்து ஒதுங்க விரும்புவார்கள். அறிக்கை அறவழியில் நின்று பேசவில்லை, தன் நாட்டு நலனை எண்ணிப் பேசியது. ஆயினும் அதன் முடிவில் ஓர் உண்மை இருந்தது. குண்டுக்கு நண்பன் பகைவன் தெரியாது. ஆட்சி மாறும், கூட்டணி மாறும், குண்டு மட்டும் அங்கேயே இருக்கும்.

பரிந்துரைகள் பல. உலகளாவிய பரவல் தடை ஒப்பந்தம். நிலத்தடிச் சோதனையையும் சேர்த்த முழுச் சோதனைத் தடை. லத்தீன் அமெரிக்கா, ஆப்பிரிக்கா போன்ற பகுதிகளில் அணு ஆயுதமற்ற மண்டலங்கள். அணு உலைகளுக்கும் எரிபொருளுக்கும் கடுமையான கண்காணிப்பு.

அறிக்கையின் நெஞ்சு என்று நான் கருதுவது வேறோர் இடம். அமெரிக்காவும் சோவியத் யூனியனும் தமக்குள் ஆயுதப் போட்டியைத் தொடர்ந்துகொண்டே, மற்ற நாடுகளைக் காலமெல்லாம் குண்டில்லாமல் இருக்கச் சொல்ல முடியாது என்று குழு எழுதியது. வல்லரசுகள் தம் கொள்கையில் அணு ஆயுதத்துக்குத் தரும் முக்கியத்துவத்தைக் குறைப்பதும், ஏவுகணைகளை உறையவைத்துப் பின்பு குறைப்பதும் பரவல் தடுப்பின் பகுதியே என்றது. இதை எழுதியவர்கள் அமைதி ஊர்வலக்காரர்கள் அல்லர். உளவுத்துறைத் தலைவரும் படைத்தளபதியும் குண்டு விஞ்ஞானியும் சேர்ந்து எழுதினார்கள். அணிசேரா நாடுகள் பின்னாளில் ஜெனீவாவில் வைத்த வாதத்தை, அதற்கு முன்பே வெள்ளை மாளிகையில் வைத்துவிட்டார்கள்.

அறிக்கையைக் கேட்ட ரஸ்க், இது அணுகுண்டைப் போலவே வெடிக்கக் கூடியது, வெளியே கசிந்தால் விபரீதமாகும் என்று எச்சரித்தார். ஜான்சனும் ஒப்புக்கொண்டார். அறிக்கை ரகசியப் பெட்டிக்குள் போயிற்று. அப்படி ஓர் அறிக்கை இருப்பதையே பேச வேண்டாம் என்று உத்தரவு. முழு வாசகம் பொதுமக்களுக்குக் கிடைக்கப் பல பத்தாண்டுகள் ஆயின.

ஆனால் கருத்து உள்ளே அடைபட்டுக் கிடக்கவில்லை. 1965 ஜூன் 23 அன்று நியூயார்க் செனட்டர் ராபர்ட் கென்னடி, பரவல் தடுப்பை அமெரிக்காவின் முதன்மைப் பணியாக்க வேண்டும் என்று செனட்டில் பேசினார். சில நாட்களில் ஜான்சன், புதிய ஒப்பந்த யோசனைகளைத் தயாரிக்குமாறு ஆயுதக் கட்டுப்பாட்டு முகமைக்கு ஆணையிட்டார். ஆகஸ்ட் 17 அன்று ஜெனீவா ஆயுதக் குறைப்பு மாநாட்டில் அமெரிக்கா தன் முதல் வரைவை வைத்தது. செப்டம்பரில் சோவியத் யூனியன் தன் வரைவை வைத்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு நாடு நின்றது: ஜெர்மனி.

ஜெர்மனி என்னும் முடிச்சு

நேட்டோ நாடுகளுக்கு அணு ஆயுதத்தில் பங்கு கொடுக்க அமெரிக்கா ஒரு திட்டம் வைத்திருந்தது. பெயர் பலதரப்புப் படை. 25 கப்பல்கள், அவற்றில் 200 போலாரிஸ் ஏவுகணைகள், ஒவ்வொரு கப்பலிலும் பல நாட்டு மாலுமிகள். ஜெர்மனி தானே குண்டு செய்யாமல் இருக்க, கூட்டுப் படையில் ஓர் இடம் கொடுத்து அமைதிப்படுத்தலாம் என்பது கணக்கு. மாஸ்கோ அதை ஏற்கவே இல்லை. இரண்டாம் உலகப் போரில் இரண்டு கோடிக்கு மேற்பட்ட உயிர்களை இழந்த நாடு, ஜெர்மன் விரல் அணு விசையின் அருகே வருவதை எந்த வடிவத்திலும் ஒப்பாது. பலதரப்புப் படையா, பரவல் தடை ஒப்பந்தமா, இரண்டில் ஒன்றுதான் என்பது அவர்கள் நிலை.

கில்பாட்ரிக் குழுவுக்குள்ளேயே இதில் கருத்து வேற்றுமை இருந்தது. ஜான்சனோ 1964 டிசம்பரில் வில்சன் வாஷிங்டன் வந்துபோன பிறகு, இத்திட்டத்தை யார் மீதும் திணிக்க வேண்டாம் என்று தம் அதிகாரிகளுக்கு உத்தரவிட்டிருந்தார். திட்டம் மெல்லத் தானாகவே மடிந்தது. 1966 இலையுதிர் காலத்தில் ரஸ்க்கும் சோவியத் வெளியுறவு அமைச்சர் குரோமிகோவும் நியூயார்க்கில் பேசினார்கள். குண்டையோ அதன் கட்டுப்பாட்டையோ வேறு எவருக்கும் கைமாற்றக் கூடாது என்ற வாசகம் அதிலிருந்து பிறந்தது. ஐரோப்பாவில் அமெரிக்கக் குண்டுகள் அமெரிக்கக் காவலில் தொடர்ந்து இருக்கலாம் என்பது அமெரிக்கா அதற்குக் கொடுத்த விளக்கம்.

மேற்கு ஜெர்மனி கொந்தளித்தது. வல்லரசுகள் இரண்டும் அணு விஷயத்தில் கூட்டுச் சதி செய்கின்றன என்ற பொருளில் அதன் பிரதமர் கீசிங்கர் வெளிப்படையாகவே பேசினார். முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனி மீது சுமத்தப்பட்ட வெர்சாய் ஒப்பந்தத்தோடு இதை ஒப்பிட்டார் ஜெர்மன் அரசியல் தலைவர் ஃபிரான்ஸ் ஜோசஃப் ஸ்டிராஸ். குண்டில்லா நாடுகளின் உலைகளை மட்டும் சோதிப்பது அவர்களின் தொழிலுக்குப் பாதகம் என்ற புகாரும் எழுந்தது. அதைத் தணிக்க, சிகாகோவில் முதல் அணு உலை இயங்கிய 25-ஆம் ஆண்டு நாளான 1967 டிசம்பர் 2 அன்று, பாதுகாப்பு தொடர்பானவை தவிர மற்ற அமெரிக்க அணு நிலையங்களையும் சர்வதேச அணுசக்தி முகமையின் சோதனைக்குத் திறப்பதாக ஜான்சன் அறிவித்தார். ஜெர்மனி 1969-இல் வில்லி பிராண்ட் ஆட்சியில் கையெழுத்திட்டது.

ஒப்பந்தத்துக்காக அமெரிக்கா தன் மிக நெருங்கிய நண்பனின் கோபத்தைத் தாங்கிக்கொண்டது. குழு கொடுத்த அறிவுரையின் முதல் பாதியை அது உண்மையாகவே நிறைவேற்றியது.

ஆறாம் பிரிவு

இரண்டாம் பாதி என்ன ஆயிற்று? 1967 ஆகஸ்ட் 24 அன்று இரு வல்லரசுகளும் ஜெனீவாவில் ஒரே வாசகம் கொண்ட வரைவுகளை வைத்தபோது, தங்கள் ஆயுதக் குறைப்புப் பற்றிய பேச்சு முன்னுரையில் மட்டும் இருந்தது. கட்டுப்படுத்தும் பிரிவாக எதுவும் இல்லை. அணிசேரா நாடுகள் பொறுக்கவில்லை. சுவீடனின் ஆல்வா மிர்தால், மெக்சிகோவின் அல்போன்சோ கார்சியா ரோபிள்ஸ், இந்தியாவின் வி.சி. திரிவேதி ஆகியோர் வாதாடினார்கள். குண்டில்லாதவர்களுக்குக் குண்டு கிடைப்பது ஒரு பரவல் என்றால், குண்டுள்ளவர்கள் மேலும் மேலும் குவிப்பதும் ஒரு பரவலே என்பது இந்தியாவின் வாதம். மெக்சிகோ ஒரு பிரிவையே எழுதிக் கொடுத்தது. 1968 ஜனவரி வரைவில் அது ஆறாம் பிரிவாக இடம் பிடித்தது. ஆயுதப் போட்டியை விரைவில் நிறுத்தவும் அணு ஆயுதக் களைவுக்கும் நல்லெண்ணத்தோடு பேச்சு நடத்துவது ஒவ்வொரு நாட்டின் கடமை. கெடு தேதி இல்லை, எத்தனை என்ற எண்ணும் இல்லை. மிர்தாலுக்கும் கார்சியா ரோபிள்ஸுக்கும் 1982-இல் அமைதிக்கான நோபல் பரிசு சேர்ந்து கிடைத்தது.

இந்தியா கேட்டது இன்னொன்றும் உண்டு: பாதுகாப்பு உறுதி. 1967 ஏப்ரலில் பிரதமரின் செயலர் எல்.கே. ஜாவும் அணுசக்தி ஆணையத் தலைவர் விக்ரம் சாராபாயும் மாஸ்கோவுக்கும் வாஷிங்டனுக்கும் போய், சீனா மிரட்டினால் எங்களுக்கு என்ன துணை என்று கேட்டார்கள். கிடைத்தது 1968 ஜூன் 19 அன்று பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 255-ஆம் தீர்மானம். தாக்கப்படும் நாட்டுக்கு உதவி செய்யும் நோக்கத்தை அது வரவேற்றது. எப்படி உதவி, எப்போது உதவி என்று சொல்லவில்லை. அவையில் இருந்த இந்தியாவும் பாகிஸ்தானும் வாக்களிக்காமல் விலகி நின்றன.

அதற்கு ஒரு வாரம் முன்பு, ஜூன் 12 அன்று, ஐ.நா. பொதுச்சபை ஒப்பந்தத்தை 95 வாக்குகளால் வரவேற்றிருந்தது. எதிர்த்தவை நான்கு நாடுகள். விலகி நின்ற 21-இல் இந்தியா ஒன்று. ஒப்பந்தத்தின்படி 1967 ஜனவரி 1-க்கு முன் குண்டு வெடித்தவர்கள் மட்டுமே அணு ஆயுத நாடுகள். ஐந்து பேர் உள்ளே, மற்ற எல்லோரும் வெளியே. ஜூலை 1 அன்று வாஷிங்டன், மாஸ்கோ, லண்டன் மூன்றிலும் கையெழுத்துத் தொடங்கியது. ஏவுகணைகளைக் குறைப்பது பற்றிச் சோவியத் யூனியனோடு பேசப்போவதாக ஜான்சன் அன்றே அறிவித்தார். அடுத்த மாதம் சோவியத் டாங்கிகள் செக்கோஸ்லோவாகியாவுக்குள் நுழைந்தன. பேச்சு நின்றது, அமெரிக்க செனட்டின் ஒப்புதலும் தள்ளிப்போயிற்று. நிக்சன் ஆட்சியில் 1969 மார்ச் 13 அன்று 83-க்கு 15 என்ற வாக்கில் செனட் ஒப்புக்கொண்டது. 1970 மார்ச் 5 அன்று ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது.

வரவும் கடனும்

வரவை முதலில் சொல்ல வேண்டும். கென்னடி அஞ்சிய 15, 20 என்ற எண்ணிக்கை வரவில்லை. இன்றும் அணு ஆயுத நாடுகள் ஒன்பதுதான். ஜப்பான், ஜெர்மனி, இத்தாலி, சுவீடன் எல்லாம் செய்யத் தெரிந்தும் செய்யாமல் இருந்தன. 1964-இல் தடுமாறிய ஜப்பானின் சாத்தோ, 1967-இல் குண்டு செய்வதில்லை, வைத்திருப்பதில்லை, நாட்டுக்குள் விடுவதில்லை என்ற மூன்று கொள்கைகளை அறிவித்தார். எல்லாப் பெருமையும் ஒப்பந்தத்துக்கே என்று சொல்ல முடியாது. அமெரிக்கப் பாதுகாப்புக் குடையும் அந்தந்த நாட்டு மக்களின் மனமும் அதில் சேர்ந்திருந்தன. இருந்தாலும் நண்பனின் குண்டும் ஆபத்தே என்று ஒரு வல்லரசு 1965-இல் துணிந்து முடிவெடுத்திராவிட்டால் இந்த ஒப்பந்தமே இல்லை.

இனிக் கடன். 1967-இல், மற்ற நாடுகள் குண்டைத் துறக்க வேண்டும் என்ற வாசகத்தை அமெரிக்கா ஜெனீவாவில் எழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டில், அதன் சொந்தக் கையிருப்பு 31,255 குண்டுகள். அமெரிக்க வரலாற்றிலேயே அதுதான் உச்சம். அந்த எண்ணை அமெரிக்க அரசே பின்னாளில் வெளியிட்டது. ஆயுதப் போட்டி தொடர்ந்தால் மற்றவர்களைத் தடுக்க முடியாது என்று சொன்ன அறிக்கை அப்போது வெள்ளை மாளிகையின் பெட்டிக்குள் இருந்தது. முழுச் சோதனைத் தடை ஒப்பந்தம் 1996 வரை வரவில்லை. வந்தபின்னும் அமெரிக்க செனட் 1999-இல் அதை நிராகரித்தது.

அமெரிக்கா தெரியாமல் தவறியது என்று யாரும் சொல்ல முடியாது. அதன் சொந்த அறிஞர்கள் எழுதிக் கொடுத்தார்கள், அதன் அதிபர் வாங்கிக்கொண்டார். கொள்கையின் ஒரு பாதியை உலகின் மீது சட்டமாக்கியது அந்த வல்லரசு; அதன் மீது விழும் மறுபாதியை முன்னுரையிலிருந்து ஆறாம் பிரிவுக்கு நகர்த்தவே அணிசேரா நாடுகள் போராட வேண்டியிருந்தது. 1996 ஜூலை 8 அன்று ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றம் அந்தப் பிரிவுக்குப் பொருள் சொன்னது. பேச்சு நடத்துவது மட்டும் கடமை அல்ல, அதை அணு ஆயுதக் களைவில் கொண்டுபோய் முடிப்பதும் கடமை என்று நீதிபதிகள் ஒருமனதாகக் கருத்துரைத்தார்கள். அந்தக் கடமை இன்னும் நிலுவையில் இருக்கிறது. அது நிலுவையில் இருக்கும் வரை, பரவலைத் தடுக்கிறோம் என்று வல்லரசுகள் சொல்லும் ஒவ்வொரு முறையும், உங்கள் பங்கு எங்கே என்று கேட்கும் உரிமை உலகின் எல்லா நாடுகளுக்கும் உண்டு. அந்தக் கேள்வியைக் கேட்பதுதான் ஒப்பந்தத்தைக் காக்கும் வழியும்.

கேள்வி கேட்டுக்கொண்டிருந்த நாடுகளில் ஒன்று, 1974 மே 18 அன்று தன் பதிலை ராஜஸ்தான் மண்ணுக்கடியில் வெடித்தது. கனடா தந்த உலை, அமெரிக்கா தந்த கனநீர், டிராம்பேயில் பிரித்தெடுத்த புளூட்டோனியம். பரவல் தடுப்புக் கொள்கை அதனால் எப்படித் தலைகீழாக மாறியது, தாராப்பூர் அணுமின் நிலையத்தின் எரிபொருள் ஏன் நின்றது, லண்டனில் ரகசியமாகக் கூடிய நாடுகள் எவை என்பதை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

(தொடரும்)